வீட்டுக்கு ஏற்ற காமிரா எது?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

மனிதன் சேர்த்து வைக்கும் பொருள்களில் விலைபோகாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் குடும்பப் புகைப்படம். நகையை அடகு வைக்கலாம். நிலத்தை ஒத்திக்கு விடலாம். தாத்தாவின் படத்தை எந்தக் கடையில் நீட்டிப் பணம் கேட்க முடியும்? ஆயினும் வீடு மாறும்போது ஆணியிலிருந்து பத்திரமாகக் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவது அந்தப் படத்தைத்தானே!

நம் வகுப்புத் தோழர்கள் நால்வர் கூடினால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "என்ன காமிரா வாங்கலாம்?" அக்காளுக்குத் திருமணம், அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து, தாத்தாவுக்கு உடல் தளர்ச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும், வீட்டார் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தந்த பணமும் கையில் இருக்கின்றன. பேச்சில் எண்கள் பறக்கின்றன. எத்தனை மெகாபிக்சல்? எத்தனை மடங்கு ஜூம்? 4கே உண்டா?

இத்தனை எண்களுக்கு நடுவே நம் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் காமிராவைப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாகாது. வீட்டின் வெளிச்சம், வீட்டின் நீளம், வீட்டாரின் கை ஆகிய மூன்றையும் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

படமில்லாத வீடுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக்கின் படத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர் யார்? டீக்கடையில், விவசாயிகள் சங்கத்தில், வீட்டுச் சுவரில் எல்லாம் அவர் முகம் இருக்கிறது. தேனிப் புதிய பேருந்து நிலையமே அவர் பெயரில்தான் இருக்கிறது. 1895இல் பெரியாற்று அணையைக் கட்டி முடித்த அந்தப் பொறியாளரை நாம் நன்றியோடு நினைக்கிறோம், நினைக்க வேண்டும். ஆனால் அதே அணைக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து, காட்டுக் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் உயிர்விட்ட கூலித் தொழிலாளர்களின் முகங்கள் எங்கே? அவர்கள் நம் பாட்டன்மாருக்குப் பாட்டன்மாராக இருக்கலாம். எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. காமிரா இருந்தவன் முகம் வாழ்கிறது. இல்லாதவன் முகம் மண்ணோடு போயிற்று.

1900இல் கோடாக் நிறுவனம் பிரவுனி என்னும் பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்று, மேனாட்டுச் சாதாரணக் குடும்பங்களின் கையில் புகைப்படக் கலையைக் கொடுத்தது. நம் நாட்டில் அது நெடுங்காலம் ஸ்டுடியோக்காரரின் கலையாகவே இருந்தது. பரோடாவில் செய்யப்பட்ட அக்ஃபா கிளிக்-3 காமிரா வந்த பிறகுதான் ஆசிரியர்கள், அஞ்சல்துறையினர் போன்ற மாதச் சம்பளக்காரர்களின் வீடுகளில் காமிரா நுழைந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள். உதகையில் 1960இல் அரசு நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் சுருள்களைச் செய்து தந்தது. பின்னர் அந்த ஆலையும் மூடப்பட்டது. கூலிக்குப் போன குடும்பங்களுக்கு இவையெல்லாம் எட்டாக் கனி. ஸ்டுடியோவில் திரைச்சீலைக்கு முன் எடுத்துக்கொண்ட திருமணப் படம் ஒன்று இருந்தால் அதுவே பெரும் பேறு.

வாக்காளர் புகைப்பட அடையாள அட்டை 1993இல் வந்தது. நம் பகுதியின் முதியவர் பலர் வாழ்வில் முதன்முதலாகக் காமிராவுக்கு நேரே உட்கார்ந்தது அந்த அட்டைக்காகத்தான். என் அப்பத்தாவும் அப்படித்தான். அவர் காலமானபோது கண்ணீர் அஞ்சலிப் பலகைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. வீடு முழுவதும் தேடியும் அட்டையில் இருந்த அந்தப் படத்தைத் தவிர வேறு இல்லை. தபால்தலை அளவுப் படத்தை ஐந்தடி உயரத்துக்குப் பெரிதாக்கினால் என்ன மிஞ்சும்? வெறும் புள்ளிகள்தான் மிஞ்சின. ஐம்பது ஆண்டுகள் ஏலக்காய் பறித்த ஒருவருக்கு இவ்வளவுதான் எச்சம். பட்டப்படிப்பின் வாசலை முதன்முதலில் மிதிக்கும் நம் போன்ற பிள்ளைகளின் வீடுகளில் இது புதுக்கதை அன்று. இதனால்தான் முதல் காமிரா என்பது பொழுதுபோக்குப் பொருள் வாங்கும் காரியம் அன்று என்கிறேன். விரலுக்கேற்ற வீக்கமாக, அறிவோடு வாங்க வேண்டிய பொருள் அது.

வீட்டின் வெளிச்சம்

நம் பள்ளத்தாக்குக் குடும்பம் ஒன்று எப்போது ஒன்றுகூடி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன்னே கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. அவை திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். திராட்சைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் போகிறவர்கள் நிலையும் ஏறத்தாழ இதுதான். அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி ஆகிய எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது இரவில், ஒற்றை டியூப் லைட்டின் கீழே. ஆகவே நம் வீட்டுக் காமிராவுக்கு முதல் தகுதி, குறைந்த வெளிச்சத்தில் பார்க்கத் தெரிவதே.

நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது. ஒரு டியூப் லைட் எரியும் அறையில் நூறு, நூற்றைம்பது லக்ஸ். ஆயிரத்தில் ஒரு பங்கு! கடைக்காரர் வாசலில் வெயிலில் எடுத்துக் காட்டும் படம் எந்தக் காமிராவிலும் அழகாகத்தான் இருக்கும். சோதனை நடக்க வேண்டிய இடம் நம் வீட்டு அறை.

வெளிச்சத்தை வாங்குவதில் இரண்டு உறுப்புகளுக்குப் பங்கு உண்டு. ஒன்று லென்ஸின் வாய்; மற்றொன்று உள்ளே ஒளியை ஏற்கும் சென்சார் தகடு. லென்ஸின் வாயை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறியதானால் வாய் பெரியது. ஒளியின் அளவு இந்த எண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எனவே எஃப் 1.8 லென்ஸ், எஃப் 3.5 லென்ஸைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியையும், எஃப் 5.6 லென்ஸைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியையும் உள்ளே விடும். நூறு லக்ஸ் அறையில், ஐ.எஸ்.ஓ. 800 என்னும் அளவில், எஃப் 1.8க்கு நூறில் ஒரு பங்கு வினாடி போதும், எஃப் 5.6க்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி வேண்டும். பத்தில் ஒரு பங்கு வினாடி குழந்தை சும்மா இருக்குமா? முகம் கலங்கிவிடும்.

இனிச் சென்சார். நடுத்தரமான செல்போன் ஒன்றின் சென்சார் ஏறத்தாழ 6.4க்கு 4.8 மில்லிமீட்டர். 'ஏ.பி.எஸ்.-சி' வகைப் பெரிய காமிராவின் சென்சார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பில் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. மழைநீரைப் பிடிக்க அண்டா வைத்தாற்போல் பெரிய தகடு அதிக ஒளியைப் பிடிக்கும்.

இங்கேதான் பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. பெரிய காமிராவோடு பெட்டியில் சேர்த்துத் தரும் ஜூம் லென்ஸை நீட்டினால் அதன் வாய் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். செல்போனின் லென்ஸோ பெரும்பாலும் எஃப் 1.8ஐ ஒட்டியது. சென்சாரில் பன்னிரண்டு மடங்கு கிடைத்த லாபம், லென்ஸில் பத்து மடங்கு நட்டமாகிறது. ஆக மிச்சம் ஒன்றேகால் மடங்குதான்! போதாக்குறைக்குச் செல்போன் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி அந்தக் குறையையும் ஈடுகட்டிவிடுகிறது. ஐம்பதாயிரம் ரூபாய் போட்டு வாங்கியவர் வீட்டில் இரவில் எடுத்துப் பார்த்து, "செல்போன் மாதிரியேதான் இருக்கிறது" என்று முகம் வாடுவதற்குக் காரணம் இதுதான். குற்றம் காமிராவில் இல்லை. பணத்தை உடம்புக்குக் கொடுத்துக் கண்ணுக்குக் கொடுக்காமல் விட்டதில் இருக்கிறது.

ஆகவே காமிரா வாங்குவதென்றால், பத்து ஆண்டுப் பழைய காமிரா உடம்பையாவது வாங்கி, மிச்சப் பணத்தை வாய் அகன்ற லென்ஸுக்குக் கொடுப்பதே சிறந்தது. பழைய காமிராவானாலும் சென்சாரின் பரப்பு அதேதான். பழையது வாங்குகிறவர்கள் லென்ஸைக் கைவிளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை வாங்க வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்னும் கணக்கையும் கேட்க வேண்டும். மலையடிவார ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதனுள் காமிராவை வைப்பது நல்லது.

வீட்டின் நீளம்

முதல் லென்ஸாக 50 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கு என்று அறிவுரை சொல்கிறவர்கள் அநேகர். விலை குறைவு, வாய் பெரிது, முகம் அழகாக விழும். எல்லாம் உண்மையே. ஆனால் அந்த அறிவுரையைச் சொன்னவரின் வீட்டு அறை எத்தனை அடி என்று நாம் கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். ஏ.பி.எஸ்.-சி சென்சாரின் அகலம் 23.5 மில்லிமீட்டர். பத்தடி தூரத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் பார்க்கும் அகலம் 4.7 அடி மட்டுமே. முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் போனாலும், அம்மாவும் அப்பாவும் விழுவார்கள். பாட்டியும் தம்பியும் வெளியே நிற்பார்கள். அதே பத்தடியில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் 6.7 அடியையும், 24 மில்லிமீட்டர் லென்ஸ் 9.8 அடியையும் பார்க்கும். செல்போனின் சாதாரண லென்ஸ் பதின்மூன்று அடிக்கு மேலேயே பார்த்துவிடும்.

எனவே வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். படம் எடுக்கப் போகும் அறையை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அறை பத்தடி என்றால் 24 மில்லிமீட்டர். பன்னிரண்டு, பதினைந்து அடி என்றால் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8. திண்ணையும் முற்றமும் உள்ள வீடு என்றால் 50ஐ நினைக்கலாம். தையற்காரர் உடம்பை அளந்துதானே சட்டை தைக்கிறார்? காமிராவுக்கும் அளவெடுப்பதில் தவறில்லை.

மெகாபிக்சல் கணக்கும் இவ்வளவுதான். ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட ஏறத்தாழ இருபத்திரண்டு லட்சம் புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். சுவரில் மாட்டப் பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம் என்றால் ஒன்பது மெகாபிக்சல் தாராளம். கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் பொறியாளர் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் காமிராவுக்கு இருந்தது மெகாபிக்சலில் நூறில் ஒரு பங்குதான்; ஒரு படத்தை நாடாவில் பதிய இருபத்து மூன்று வினாடிகள் ஆயின. அங்கிருந்து அறிவியல் வெகுதூரம் வந்துவிட்டது. இன்று விற்கும் எந்தக் காமிராவிலும் நம் சுவருக்கு வேண்டிய புள்ளிகள் உண்டு. நூற்றெட்டு, இருநூறு என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

வீட்டாரின் கை

குடும்பப் படங்களைப் புரட்டிப் பார்த்தால் ஒருவர் மட்டும் எதிலும் இருக்க மாட்டார். அவர்தான் காமிரா வைத்திருந்தவர்! மகன் வாங்கிய காமிரா மகனுக்கு மட்டுமே புரியும் என்றால், மகன் இல்லாத படங்களே வீட்டில் சேரும். அவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் படமே சேராது. ஆகவே நம் முதல் காமிரா அம்மாவின் கையிலும் இயங்க வேண்டும். எழுத்தறியாத அம்மாவும் ஒரே பொத்தானை அழுத்தி எடுக்கும்படி அதை அமைத்து வைக்க முடியுமா? கடையிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள். இந்தத் தேர்வில் செல்போன் எளிதில் தேறிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கையைப் பற்றிப் பேசும்போது நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும். மேனாட்டில் வண்ணப்படக் கூடங்களில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க 'ஷெர்லி அட்டை' என்னும் அட்டையை வைத்திருந்தார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு; கறுத்த தோல் எப்படி விழுகிறது என்று நெடுங்காலம் எவரும் கவலைப்படவில்லை. இன்று செல்போன்கள் பலவற்றில் 'பியூட்டி' என்னும் வசதி வந்து, கேட்காமலே முகத்தை வெளுக்கிறது, சுருக்கத்தை அழிக்கிறது. வெயிலில் நின்று உழைத்த கருமை நம் தாய்மாரின் வாழ்க்கை வரலாறு அன்றோ? அதைத் துடைத்துவிட்டு, யாரோ ஒருத்தியின் முகத்தை வைத்துக்கொண்டு "இது என் அம்மா" என்று பேரனுக்குக் காட்டப் போகிறோமா? அந்த வசதியை முற்றிலும் அணைத்துவைக்க முடியாத கருவியை வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கறுத்த முகம் தெளிவாக விழ ஒரு வழி உண்டு. தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே காமிரா எண்ணிக்கொள்கிறது. வெள்ளையடித்த சுவர் முன் அம்மாவை நிறுத்தினால், சுவரின் வெண்மையைக் குறைக்கப் போய் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அப்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்ட வேண்டும். செல்போனில் முகத்தின் மேல் விரலை வைத்து, சூரியன் போன்ற குறியை மேலே தள்ளினால் போதும். அல்லது கதவோரம், சன்னலோரம் உட்காரவைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை அதற்கென்றே இருக்கிறது.

படமும் குரலும்

வீடியோ என்றதும் எல்லோரும் 4கே என்கிறார்கள். விநாடிக்கு நூறு மெகாபிட் வேகத்தில் பதியும் காமிராவில் ஒரு நிமிட 4கே படம் 750 எம்.பி. இடத்தை விழுங்கும். அதை வைக்கவும் வெட்டி ஒட்டவும் நல்ல கணினி வேண்டும். அது நம் வீட்டில் இல்லை. முழு எச்.டி. நமக்குப் போதுமானது. நம் நாட்டு மின்சாரம் 50 சுழற்சி. விளக்குகள் பல விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. ஆகவே விநாடிக்கு 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடாது. பெட்டியின் மேல் இதை எவரும் அச்சிடுவதில்லை.

வீடியோவில் படத்தைவிட அருமையானது குரல். அம்மாச்சியின் தாலாட்டையும், நடவுப் பாட்டையும், பேரனைத் திட்டும் திட்டையும் புகைப்படத்தில் வைக்க முடியுமா? அந்தக் குரலுக்குப் பகை தூரமும் காற்றும். ஆனி, ஆடியில் நம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெட்டவெளியில் எடுத்தால் இரைச்சல்தான் பதியும். சட்டையிலோ சேலையிலோ குத்திக்கொள்ளும் சிறிய மைக், பஞ்சு உறை போட்டது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 4கேக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு அது. மைக் பொருத்த இடம் இல்லாத காமிராவை வீடியோவுக்காக வாங்குவது வீண்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்டது. அப்போது செல்போன் காமிரா நம் பக்கம் அரிது. அந்தக் கடைசி நாள்களைப் படமெடுத்த குடும்பங்கள் சிலவே. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் மீண்டும் வந்தபோது கூட்டத்தில் கைகளைவிடச் செல்போன்கள் அதிகமாக உயர்ந்தன. குழந்தையைத் தோளில் வைத்து ரயிலைக் காட்டிய தந்தையர் எத்தனை பேர்! அந்தப் படங்களில் இன்று எத்தனை இருக்கின்றன? செல்போன் உடைந்தது, இடமில்லை என்று அழித்தது, கடவுச்சொல் மறந்தது என்று போனவையே பல. படமில்லாத காலத்தை நாம் கடந்துவிட்டோம். படம் தங்காத காலத்தில் நிற்கிறோம்.

முன்பு வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்த திருமணங்களின் கதையும் இதுவே. கேசட் பீரோவில் இருக்கிறது. போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. அந்தப் பெட்டிகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் நூறு ஆண்டு முந்திய காகிதப் படத்தைப் பார்க்கக் கண் ஒன்றே போதும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தினார்கள். அறிஞர்கள் தேடிப் பாதுகாக்கும் அளவுக்கு மதிப்புள்ளவை சாதாரணக் குடும்பங்களின் அந்தச் சாதாரணப் படங்கள். அவை காகிதத்திலும் கண்ணாடியிலும் இருந்ததால்தான் அகப்பட்டன.

எனவே காமிராவுக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை அச்சிடுவதற்கென்று முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும். ஒரு படத்தை அச்சிடும் செலவு ஒரு டீ, ஒரு வடையின் விலைதான். ஆண்டுக்கு இருபத்து நான்கு படங்கள் போதும். பின்புறத்தில் பெயர், ஊர், தேதி எழுதிவையுங்கள். மற்றவற்றை இரண்டு இடங்களில் சேமியுங்கள். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தின் அளவைக் குறைத்தே அனுப்புகிறது. கோப்பாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

சில மறுப்புகள்

"செல்போனே போதும் என்றால் காமிரா எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் விடை இதுதான்: நம்மில் பெரும்பாலோருக்கு முதல் காமிரா ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது. அதில் ஓராண்டு எடுத்துப் பார்த்து, எந்த இடத்தில் அது தோற்கிறது என்று அறிந்த பிறகே மேலும் செலவழிக்க வேண்டும். ஓடியாடும் குழந்தை இரவில் கலங்குகிறதா? அப்போது பெரிய சென்சாரும் எஃப் 1.8 லென்ஸும் தேவை. மேடையில் ஆடும் தங்கை தூரத்தில் புள்ளியாகத் தெரிகிறாளா? அப்போது நீண்ட லென்ஸ் தேவை. தோல்வி தெரியாமல் வாங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். தவணையில் வாங்கி, திருமணம் முடிந்த பிறகும் வட்டி கட்டிக்கொண்டிருப்பது எந்த வகையிலும் பொருந்தாது.

"கூலிக்காரன் வீட்டுக்குப் படம் ஒரு கேடா?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாளிகையில் பிறந்தவன் தன் ஏழு தலைமுறையை எண்ணெய் ஓவியமாக மாட்டி வைத்திருக்கிறான். நம் வீட்டில் ஒரு தலைமுறையாவது தெரிய வேண்டாமா? படிப்பு நமக்கு எட்டியதுபோல் இதுவும் இப்போதுதான் எட்டியிருக்கிறது.

அன்பு மாணவத் தோழர்களே! பாரதிராஜா பிறந்த அல்லிநகரமும் இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் நம் மாவட்டத்தில் உள்ளன. நம் மலையும் ஆறும் வெள்ளித்திரையில் எத்தனையோ முறை தோன்றிவிட்டன. ஆனால் அந்த மலையில் ஏலக்காய் பறித்தவரின் முகத்தை எந்தப் படக்குழுவும் வந்து நம் சுவரில் மாட்டிவிட்டுப் போகாது. அது பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை. அறையை அளந்து, வெளிச்சத்தைக் கணக்கிட்டு, அம்மாவின் கைக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குவோம். வாங்க இயலாவிட்டால் இருக்கிற செல்போனையே எடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டின் மூத்தவரைச் சன்னலோரம் உட்காரவைத்து ஒரு படம் எடுப்போம். மறுநாளே அதை அச்சிட்டு, பின்புறத்தில் அவர் பெயரை எழுதுவோம்.